ஐம்பது வருஷத்து ஆசை

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'ஓய்வுக்குப் பின் பணம்' என்ற தலைப்பில் எனக்கு முன்னால் பேசியவர்கள் சேமிப்பு, மெடிக்ளெய்ம், உயில் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்திருப்பது செலவு ஒன்றுதான். அதுவும் அநாவசியச் செலவு. 2023ல், என் 74வது வயதில், நான் ஒரு ஒமேகா வாட்ச் வாங்கினேன். நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பின் வரிசையில் யாரோ "சிவ சிவா" என்கிறார். என் ஆத்திலும் முதலில் அதையேதான் சொன்னார்கள்.

1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது நான் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். டில்லியில் வேலை கிடைத்து வந்த பிறகு, லைப்ரரியில் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டியபோது ஆல்ட்ரின் கையில் கட்டியிருந்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்று தெரிந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் தன்னுடையதை விண்கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். உள்ளே இருந்த மின்னணுக் கடிகாரம் பழுதாகிவிட்டதால் அதற்குப் பதிலாக அங்கே அது வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அப்போலோ 13 விபத்தில் சிக்கியபோது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி எரியவிட வேண்டும். ஸ்விகர்ட் அதை எண்ணியது கை வாட்சைப் பார்த்துத்தான். சாவி கொடுத்து ஓடும் ஒரு ஸ்பிரிங் மூன்று உயிர்களுக்குப் பயன்பட்டது என்று படித்த அன்று பிடித்த பைத்தியம் இது.

அப்போது என் கையில் இருந்தது ஹெச்.எம்.டி. ஜனதா. குறை சொல்ல மாட்டேன், நல்ல உழைப்பாளி. தினம் காலையில் சந்தி பண்ணி முடித்ததும் சாவி கொடுப்பேன். 2016ல் அந்தக் கம்பெனியின் வாட்ச் பிரிவை மூட அரசாங்கம் முடிவு செய்தபோது சொந்தக்காரர் போனது போல இருந்தது. அது கிடக்கட்டும். அந்நாளில் வெளிநாட்டு வாட்ச் என்றால் இரண்டே வழி: வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர், இல்லையென்றால் கடத்தல் சரக்கு. இரண்டாவது அரசாங்க ஊழியனுக்கு ஆகாது. முதலாவதும் எனக்குச் சங்கடம்தான். மத்திய அரசின் 1964ஆம் வருஷத்து நடத்தை விதிகளின்படி, ஒரு வரம்புக்கு மேல் பொருள் வாங்கினால் ஒரு மாதத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிடலாம், அது பெரிதில்லை. ஆனால் ஒப்பந்தங்களைப் பார்க்கும் பிரிவில் இருப்பவன் மணிக்கட்டில் ஸ்விஸ் வாட்ச் மின்னினால், 'சொந்தக் காசில் வாங்கியது' என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது?

இதைச் சும்மா சொல்லவில்லை. 1980களில் ஒரு தீபாவளிக்கு ஒருவர் இனிப்புப் பெட்டி அனுப்பினார். முந்திரி கேக்குக்குக் கீழே பட்டுத்துணியில் ஒரு ஒமேகா. நான் பதினைந்து வருஷமாகப் பத்திரிகையில் பார்த்துக்கொண்டிருந்த பெயர் அது. ஐந்து நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தேன், கட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பெட்டியோடு பியூன் மூலம் திருப்பி அனுப்பி, ரசீதும் வாங்கிக் கோப்பில் வைத்தேன். "கேக்கை வைத்துக்கொண்டிருக்கலாமே" என்றாள் என் மனைவி. அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன்: ஓய்வு பெற்ற பிறகுதான், என் பணத்தில்தான், பில்லோடுதான்.

2009ல் ஓய்வு. உடனே வாங்க முடிந்ததா? பெண் கல்யாணம், ஃபிளாட்டின் பாக்கிக் கடன், மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன். எல்லாம் முடிந்த பிறகு சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தின் காலாண்டு வட்டியில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு வந்தேன். பாஸ்புக்கின் மேல் பென்சிலால் 'ஒ' என்று எழுதியிருந்தேன். ஓம் என்று எழுத ஆரம்பித்து விட்டுவிட்டேன் என்று நினைத்தாள் மனைவி.

கடையில் இருந்த பையன், "பேட்டே கே லியே, அங்கிள்?" என்று கேட்டான். "பேட்டேக்கு இல்லை, எனக்குத்தான்" என்றேன். அதன் பிறகு நாற்காலி வந்தது, டீ வந்தது. ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிப் பார்த்தேன். என் மணிக்கட்டு இளைத்துவிட்டது. அதன் மேல் அது ஒரு தாம்பாளம் போல உட்கார்ந்தது. அதனால் டி வில் வகையில் மெல்லிய ஒன்றை எடுத்தேன். முதலைத் தோல் வார் போட்டதைக் காட்டினார்கள். பூஜை அறைப் பக்கம் போகிறவனுக்கு அது எதற்கு? ஸ்டீல் செயின் போதும் என்றேன். இரண்டு லட்சத்துக்கு மேல் எது வாங்கினாலும் பான் நம்பர் கேட்பார்கள், கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். துபாயிலிருந்து பிள்ளை வாங்கி வருகிறான் என்றால் சந்தோஷம். ஆனால் வரம்புக்கு மேற்பட்டதை விமான நிலையத்தில் சொல்லி, சுங்கம் கட்டி வரச் சொல்லுங்கள். ஒளித்துக் கட்டிக்கொண்டு வந்த வாட்சில் நல்ல நேரம் எப்படி வரும்?

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு பழைய டைட்டன் குவார்ட்ஸும் இருக்கிறது. அதில் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சாதாரணமாக மாதத்துக்குப் பதினைந்து விநாடிதான் முன்னே பின்னே போகும். ஒமேகாவுக்கு விநாடிக்கு ஏழே துடிப்பு. ஒரு நாளில் ஐந்து விநாடி வரை வேகமாக ஓடலாம் என்பது அதன் உத்தரவாதம். மாதத்துக்கு இரண்டரை நிமிஷம் ஆகிறது! நேரம் பார்ப்பதற்காக மட்டும் என்றால் இதை வாங்குகிறவன் புத்திசாலி இல்லை.

வேறு கணக்கில் பாருங்கள். நாளைக்கு 6,04,800 துடிப்பு. ஐந்து விநாடி என்பது அதில் 35 துடிப்பு. பேட்டரி இல்லாமல், ஒரு ஸ்பிரிங்கும் சில சக்கரங்களும், நான் கையை எந்த நிலையில் வைத்தாலும் இப்படி ஓடுகின்றன. சாதாரண வாட்சில் பல் சக்கரம் நெம்புகோலின் கல் மேல் வழுக்கிக்கொண்டே தள்ளும். வழுக்குகிற இடத்தில் எண்ணெய் வேண்டும், எண்ணெய் கெட்டியானால் நேரம் தப்பும். ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1974ல், வழுக்கலை மிகவும் குறைத்து நேராகத் தட்டிவிடும் 'கோ-ஆக்ஸியல்' என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். ஸ்விஸ் கம்பெனிகள் வாசல் வாசலாக அவரை அலையவைத்தன. 1999ல்தான் ஒமேகா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருபத்தைந்து வருஷம்! அவர் பொறுமைக்கு முன் என் பொறுமை ஒன்றும் பெரிதில்லை. அந்த ஏற்பாடுதான் இதோ என் கையில் ஓடுகிறது. பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

இனி, நம் கிளையிலேயே ஒரு நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "இந்தப் பணத்தில் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு உபநயனம் பண்ணி வைத்திருக்கலாம்?" நியாயமான கேள்வி. நமது சமஷ்டி உபநயனத்துக்கு வருஷா வருஷம் என்னால் ஆனதைக் கொடுத்துவருகிறேன், வாட்ச் வாங்கிய வருஷமும் அது குறையவில்லை. அதற்கு மேல் பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பட்டு வேண்டாம், காபி வேண்டாம் என்று மஹாபெரியவா சொன்னார். இந்த ஹாலில் பட்டு எத்தனை, காபி எத்தனை டம்ளர் என்று எண்ணினால் அந்த நண்பரும் நானும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். கல்யாண ரிசப்ஷனில் ஒரே ராத்திரியில் இதைவிட அதிகம் செலவாகிறது, ஒருவரும் கேட்பதில்லை. கிழவன் தனக்கென்று ஒன்று வாங்கினால் மட்டும் கணக்குக் கேட்கிறோம்.

கடன் வாங்கியோ, தவணையிலோ இதை வாங்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமலும் கூடாது. ஐந்திலிருந்து எட்டு வருஷத்துக்குள் சர்வீஸ் செய்ய வேண்டும், அதற்கும் நல்ல தொகை ஆகும் என்று சேர்த்துக் கணக்குப் போடுங்கள். '30 மீட்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் காவேரியில் முங்கிவிடாதீர்கள். தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பதே அதற்கு அர்த்தம்.

என் மனைவி இப்போதும் ராகு காலம் பார்க்க மொபைலைத்தான் எடுக்கிறாள். பேரன், "தாத்தா, அப்புறம் இது எனக்கா?" என்று கேட்கிறான். உயிலில் எழுதியாகிவிட்டது, அதுவரை காத்திருக்கட்டும்.

வாட்சைக் கையில் வாங்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வரலாம். தயவுசெய்து ரசம் கையை அலம்பிவிட்டு வாருங்கள்.