அடுப்படி அபிப்பிராயங்கள்

நம்முடைய வீடுகளில் நாள்தோறும் எத்தனையோ அபிப்பிராயங்கள் பிறக்கின்றன. எந்தக் கட்சி உருப்படும், மழை ஏன் பொய்த்தது, மிக்சியில் அரைத்த மாவில் இட்லி ஏன் கல்லாகிறது, பேரப் பிள்ளைக்கு எந்த மொழி சோறு போடும் என்பன போன்றவை. இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும் ஒரு குடும்பம் எந்த மொழியில் இவற்றைச் சொல்லிச் சண்டையிடுகிறதோ, அதுவே அந்தக் குடும்பத்தின் மொழி என்பது என் எண்ணம். சோறு கேட்பதற்கும் குழந்தையை அதட்டுவதற்கும் மட்டும் வைத்துக்கொண்ட மொழி, பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரத்தைப் போன்றது. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதை என்னைக் காட்டிலும் நன்கு அறிவார்கள்.

இந்த எண்ணம் எனக்கு உறைத்த இடம் ஏர்பேடு. ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், திருக்காளத்திக்கு முன்னால் வரும் ஊர். கண்ணப்பர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பொன்முகலி ஆற்றை இன்று சுவர்ணமுகி என்கிறார்கள். 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி.யும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இந்த வட்டாரத்தில்தான் வளாகம் அமைத்திருக்கின்றன. அங்கே எனக்கு உறவான ஒரு தமிழ்க் குடும்பம் நான்கு தலைமுறையாக இருந்து வருகிறது. அவர்கள் எங்கிருந்தும் குடியேறியவர்கள் அல்லர். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் அமைந்தபோது, இருந்த வீட்டில் இருந்தபடியே வேறு மாநிலத்தவர் ஆனவர்கள்.

நான் போயிருந்த அன்று மாலை, அடுப்படியில் ஒரு சர்ச்சை. வீட்டு முதியவளை அங்கே எல்லாரும் 'அவ்வா' என்கிறார்கள். தெலுங்குச் சொல்தான், தமிழ் வீட்டிலும் நிலைத்துவிட்டது. "குக்கர் சோற்றில் சத்து ஏது? வடித்த சோறுதான் சோறு" என்பது அவ்வாவின் கட்சி. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் விடவில்லை. "அவ்வா, கஞ்சியோடு சேர்த்துச் சத்தையும் நீதான் வடித்து விடுகிறாய்" என்றான்.

பேரன் சொன்னதில் நியாயம் உண்டு. தயமின் என்னும் வைட்டமின் பி-1 நீரில் கரையும் தன்மையுடையது. கஞ்சியை வடித்தால் அதில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். குக்கரில் வைத்த நீர் முழுவதும் அரிசியிலேயே அடங்கிவிடுகிறது. மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியேற வழியின்றி நெருக்குவதால், நூறு டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறுகிறது. அதனால் சமையலும் விரைவில் முடிகிறது. அவ்வா சளைக்கவில்லை. "வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவள் நான். நீங்கள் அதைச் சாக்கடையில் கொட்டினால் அது என் குற்றமா?" என்று கேட்டாள். கஞ்சியைக் குடிக்கிறவருக்குச் சத்து எங்கே போயிற்று? அந்த ஆட்டத்தில் அவ்வாவுக்கே வெற்றி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். இட்லி மாவு விஷயத்திலும் அவள் சொல்வது பெரும்பாலும் சரியே. மிக்சியின் கத்தி நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று மாவைச் சூடாக்கிவிடுகிறது. கிரைண்டரின் கல் நிதானமாக அரைப்பதால் மாவு குளிர்ந்திருக்கிறது. நன்றாகப் பொங்கவும் செய்கிறது.

இதில் நான் கவனித்தது வேறொன்று. பேரன் தொடக்கத்தில் தமிழில் பேசினான். நீராவி, அழுத்தம், வெப்பநிலை என்று வந்தவுடன் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டான். ஸ்ரீஹரிகோட்டா அவனுக்கு அயலூர் அன்று. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி மாவட்டம் பிறந்தது முதல் இரண்டும் ஒரே மாவட்டம். 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 புறப்பட்டதைப் பற்றி ஆர்வத்தோடு சொன்னான். ஆனால் அவ்வாவிடம் அல்ல, என்னிடம், ஆங்கிலத்தில். அவ்வா பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசியலுக்கு வந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். வீட்டுத் தலைவர் சென்னைத் தொலைக்காட்சியைப் பார்த்துத் தமிழ்நாட்டு அரசியலைத் தமிழில் அலசுகிறார். அங்கே அவருக்கு வாக்கு இல்லை. தம்முடைய வாக்கு இருக்கும் ஊரின் ஏரி, சாலை, பள்ளி பற்றியோ தெருவில் தெலுங்கில் பேசிவிட்டு வருகிறார். அந்தப் பேச்சு வீட்டுக்குள் நுழைவதில்லை. அவருடைய தந்தையார் காலத்தில் அப்படியில்லையாம். ம.பொ.சி. வடவெல்லைக்காகப் போராடிய நாட்களிலும், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்து சித்தூர் சேராதபோதும், இந்தத் திண்ணையில் இரவெல்லாம் வாதம் நடந்ததாம். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரும் வந்து தமிழிலேயே எதிர்வாதம் செய்வார்களாம். தெலுங்கோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. வாழும் ஊரின் மொழியை நன்றாகக் கற்பது கடமை, மானமும் அதுவே.

மறுநாள் குடிமல்லத்துக்குப் போனோம். ஏர்பேடு மண்டலத்திலேயே உள்ள ஊர். பரசுராமேசுவரர் கோயிலின் லிங்கம் நாட்டின் மிகப் பழமையானவற்றுள் ஒன்று என்பது அறிஞர் கருத்து. அந்தக் கோயிலில் பல்லவர், வாணர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பேரன் கல்லைத் தடவிப் பார்த்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றான். பழைய எழுத்து; எனக்கும் ஓடவில்லை. "எனக்கு இன்றைய தமிழே படிக்கத் தெரியாதே" என்றான் பையன். அவ்வாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஊறுகாய்ப் பக்குவம், பால் கணக்கு, கிரைண்டர் வாங்கிய தேதி, வாக்களித்த ஆண்டுகள் எல்லாம் அவள் கையால் தமிழில் எழுதியவை. அந்த வீட்டில் அவளுக்குப் பின் அதை வாசிக்க ஆளில்லை.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு கூறுகிறது. பள்ளியில் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு 1949-லேயே தீர்மானித்தது. அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பது பெற்றோர் கையில் இருக்கிறது. பத்துப் பேர் சேராத ஊரில் வீடுதான் பள்ளி. 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்றவை இவற்றின் சேர்க்கை. தெலுங்கு கற்ற பிள்ளைக்கு எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பழக்கமானவை. க, ச, த, ப முதலிய வரிசைகளில் தெலுங்கைவிட எழுத்தும் குறைவு. ழகரத்துக்குத்தான் நாக்கைச் சற்றுப் பழக்க வேண்டும்.

நான் புறப்படும் நாளில் பேரன் நோட்டின் முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் மூன்று வரி ஆயிற்று. நான்காவது வரியில் நிறுத்தி, "அவ்வா, குக்கர் வாங்கிய அன்றைக்கே 'இது உதவாது' என்று எழுதி வைத்திருக்கிறாயே!" என்றான்.

"அடுத்த பக்கத்தையும் படி. பருப்புக்கு ஆகும் என்று எழுதியிருப்பேன்" என்றாள் அவ்வா.