அலுவலும் ஏடும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாக வரும் பாதையும், திருப்பதிப் பாதையும், தருமாவரப் பாதையும் கூடுகின்ற பாகாலாச் சந்திப்பில் நாம் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் வாழ்விலும் இரு பாதைகள் கூடும் பருவம் ஒன்றுண்டு. பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வில் இரு பிரிவுகளிலும் தேறியவர், ஓர் ஆடிட்டரிடம் பயிலுநராகச் சேர்கிறார். பகலெல்லாம் அலுவல், காலையிலும் இரவிலும் படிப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே நடத்துவது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், 2023 ஜூலை முதல் புதிய முறையைக் கொணர்ந்தது. 3 ஆண்டாக இருந்த பயிற்சி 2 ஆண்டாயிற்று. ஆண்டுக்கு 12 நாள் விடுப்பு. பயிற்சி முடிந்து 6 மாதங்கள் கழித்தே இறுதித் தேர்வு. அதற்குமுன் தாமே கற்றுத் தேற வேண்டிய பாடத் தொகுதிகள் 4 உள்ளன. "அந்த ஆறு மாதத்தில் படித்துக்கொள்ளலாம்" என்று ஈராண்டு ஏட்டைத் தொடாதிருப்பவர், மறந்ததை மீட்பதிலேயே அம்மாதங்களைச் செலவிடுவார்.

இதனினும் தீய வழி ஒன்றுண்டு. பெயரளவில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டுப் பணிக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே தேர்வுக்குப் படிப்பது. பெற்றோருள்ளும் சிலர் இதற்கு இசைகின்றனர். இது விதிக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்கட்டும். பிறர் கணக்கு மெய்யென்று நாளை கையொப்பமிடப் போகிறவர், தம் வாழ்வின் முதற் கணக்கையே பொய்யாக எழுதலாமோ? எனவே, அலுவலை விட்டுப் படிப்பதன்று, அலுவலைக் கொண்டு படிப்பதே நேரிய வழி என்போம்.

சான்று ஒன்று காண்போம். நம் சித்தூர்ச் சீமை தோத்தாபுரி மாம்பழக் கூழுக்குப் பெயர்பெற்றது. மார்ச் 31ஆம் நாள் கூழ்த் தொழிற்சாலைக்குச் செல்லும் பயிலுநர், பீப்பாய்களை எண்ணி இருப்பேட்டோடு ஒப்பிடுகிறார். அடக்க விலை, விற்றால் கிடைக்கும் நிகர மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டுமென்பது சரக்கிருப்பு பற்றிய விதி. கூழின் விலை சரிந்த ஆண்டில் அவ்விதி ஏன் வேண்டும் என்பதைக் கிடங்கில் நின்றவர் எளிதில் உணர்வார். அன்றிரவே அப்பகுதியை அரைமணி நேரம் படித்தால் அது நெஞ்சில் நிலைக்கும். நாள்தோறும் செய்த பணி, எழுந்த ஐயம், படிக்கவேண்டிய பகுதி ஆகிய மூன்றையும் சிறு குறிப்பேட்டில் எழுதுக. ஐயங்களை ஆடிட்டரிடம் அஞ்சாது கேளுங்கள். கற்பித்தல் அவர் கடமை.

செப்டம்பர் 30 வருமானவரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைநாள். அதற்கு முந்திய வாரங்களில் மிகுதியாகப் படிக்கத் திட்டமிடுவது வீண். பணி குறைந்த மாதங்களில் அதனை ஈடுசெய்க.

இல்லத்தாருக்கும் கடமை உண்டு. பயிலுநர் பெறுவது சிறு உதவித்தொகை. அதைச் சம்பளமென எண்ணிக் குடும்பச் செலவை அதன்மேல் ஏற்றாதீர். 12 நாள் விடுப்பைத் திருமண வீடுகளுக்கே கரைக்காதீர். அலுவலகத்திலிருந்து திரும்பும் மகனுக்கு ஓய்வும் மகளுக்கு அடுக்களையும் என்று வகுப்பீரேல், பெண்ணின் படிப்பு நேரத்தைக் களவாடியவர் ஆவீர்.

ஏனெனில், இத்துறையில் நாட்டின் முதற்பெண்மணி சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1933இல் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, சி.எஸ். சாஸ்திரி என்ற கணக்காளரிடம் பயிற்சி பெற்றார். சிறை சென்றவர் தொழில் நடத்தலாகாது என்ற தடையை வழக்காடி வென்று, 1937இல் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமையும் பூண்டார். அவருக்குச் சட்டமே தடையாக நின்றது. நம் பிள்ளைகளுக்கு வேண்டுவதோ ஒரு விளக்கு, ஒரு மேசை, யாரும் கலைக்காத இரண்டு மணி நேரம். அவற்றை அளிப்பது நம்மால் இயலும். அளிப்போமாக!