பெண்கள் வைக்க வேண்டிய கணக்கு

(சிங்கப்பூர் செராங்கூன் சாலை வட்டாரத்தில் கூடிய தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நாங்கள் தோட்டத்துக் கிராணிமார். கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள். எத்தனை மரம் வெட்டினார்கள், எவ்வளவு பால் வந்தது, எந்த நாள் மழையால் வேலை நின்றது, எல்லாம் எங்கள் ஏட்டில் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் ஒரு சகோதரி வராவிட்டால் மட்டும், "வரவில்லை" என்று எழுதி முடித்துவிடுவோம். ஏன் வரவில்லை என்று ஏடும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அது எங்கள் தவறு.

மாதவிலக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். ஆண்கள் எழுந்து போக வேண்டாம். நம் தாயும் மனைவியும் மகளும் படும் பாடு இது.

நாம் கூடியிருக்கும் இடத்திற்கு அருகே கே.கே. மருத்துவமனை இருக்கிறது. 1924-இல் பிரசவ மருத்துவமனையாகி, 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறக்கக் கண்ட இடம் அது. 1997-இல் இப்போதைய கட்டடத்திற்கு வந்தது. அங்கே போனாலும், தோட்டத்து மருந்தகத்திற்குப் போனாலும், "கடைசியாக வந்த முதல் நாள் எது?" என்று கேட்பார்கள். "போன அமாவாசையை ஒட்டி" என்பது நம் பெண்களின் பதில். மருத்துவர் என்ன செய்வார்?

1953-இல் இங்கிலாந்தில் ரேமண்ட் கிரீன், கேத்தரினா டால்டன் என்ற இரு மருத்துவர்கள், மாதவிலக்குக்கு முன் வரும் தொல்லைகளைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். இன்றைக்கு மருத்துவர்கள், குறைந்தது இரண்டு மாதச் சுற்றுக்கு அன்றாடம் எழுதிய குறிப்பைக் கேட்கிறார்கள். தலைவலி, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை விலக்குக்கு முந்திய நாட்களில் வந்து, வந்த சில நாளில் தணிந்தால் ஒரு காரணம்; மாதம் முழுதும் இருந்தால் வேறு காரணம். நினைவை நம்பினால் இரண்டும் குழம்பிவிடும்.

செலவு ஒன்றுமில்லை. சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி போதும். முதல் நாளில் ஒரு வட்டம். எத்தனை நாள் போயிற்று, ஒரு நாளில் எத்தனை முறை துணி மாற்றினீர்கள், வலி கொஞ்சமா, மிகுதியா, வேலையை நிறுத்தியதா, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்: இவ்வளவே. நாள் முன்கூட்டித் தெரிந்தால், மருத்துவர் சொன்ன மாத்திரையை வலி முற்றுமுன் சாப்பிடலாம். வெந்நீர் ஒத்தடமும் தயாராக இருக்கும்.

சுற்று அடிக்கடி 21 நாளுக்குக் குறைந்தாலும் 35 நாளுக்கு மிஞ்சினாலும், போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கு ஒரு துணி நனைந்தாலும், எழுந்திருக்க முடியாத வலி வந்தாலும், தாமதிக்க வேண்டாம். மிகுந்த போக்கு இரத்தசோகையைத் தரும். மேட்டு நிரையில் பால் வாளி தூக்குகையில் மூச்சிரைத்தால், அதைச் சோம்பல் என்று எந்த மண்டோரும் சொல்லலாகாது. இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

ஜப்பான் 1947-லேயே மாதவிலக்கு விடுப்பைச் சட்டமாக்கியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தனியார் தொழிலாளருக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால், மருத்துவச் சீட்டு பெற்றால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சீட்டுக் கேட்டு நிற்கும் பெண்ணுக்கு அவள் எழுதிய குறிப்பு துணை நிற்கும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கு அவளுடையது. கிராணியும் மண்டோரும் துரையும் கேட்க உரிமையில்லை. கைப்பேசியில் குறிக்கும் பெண்கள், அது யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். மருத்துவருக்கு அவள் விரும்பிக் காட்டினால் போதும்.

ஊருக்கெல்லாம் கணக்கு எழுதும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்: இந்த ஒரு கணக்கை நீங்களே எழுதுங்கள். இன்றிரவே வீட்டு நாட்காட்டியில் தொடங்குங்கள்.