கூரை ஒழுகுதுன்னு பிள்ளை சொன்னா...



"பெண்ணுரிமைக்குப் பெரிதும் துணை நிற்பது மூத்தவர்களின் நிதானமா, இளையவர்களின் வேகமா?" தலை நரைச்ச நான் 'வேகம்' அணியில நிக்கறேன். எங்க வீட்டுக்காரர், "பஸ் மாறி ஏறிட்டியா?"ன்னு கேட்டார். (சிரிப்பு)

பாடுபட்டு வாங்கின சட்டம் இருக்கும்போது, செல்போன்ல பேரைப் போடறது நியாயமான்னு எதிரணித் தங்கை கேட்டாங்க. பாடுபட்டது சத்தியமான உண்மை. 1992-ல ராஜஸ்தான்ல பன்வாரி தேவி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய்க் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானாங்க. அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்குலதான் 1997-ல விசாகா தீர்ப்பு வந்தது. இன்னும் 16 வருஷம் கழிச்சு, 2013-ல சட்டம். பத்துப் பேர் வேலை பார்த்தாலே புகார்க் குழு வேணும்.

2017 அக்டோபர்ல, சட்டம் படிச்ச ராயா சர்க்கார் பேராசிரியர்கள் பேரைப் பட்டியலா வெளியிட்டாங்க. நிவேதிதா மேனன் உள்ளிட்ட மூத்த பெண்ணியவாதிகள், பட்டியலை விலக்கிக்கணும், முறைப்படி விசாரணை நடக்கணும்னு அறிக்கை விட்டாங்க. இளையவங்க கொதிச்சுப் போனாங்க. நான் அன்னைக்கு மூத்தவங்க பக்கம். ஒரு நிரபராதி மாட்டிக்கக் கூடாதில்லையா?

அப்புறம் என் பொண்ணுக்கே நடந்தது. "குழுவுல எழுதிக் குடுடி"ன்னேன்.

"மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும்மா. எனக்கு வாய் திறக்கவே அஞ்சு மாசம் ஆச்சு. கெடுவை நீட்டிக்கலாம், ஆனா குழு மனசு வைக்கணும். அந்தக் குழுத் தலைவியோட பதவி உயர்வே அவன் கையிலதான் இருக்கு"ன்னா.

எனக்குப் பேச்சு வரலை. 1993-ல, அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு தையல் கம்பெனியில, நானும் இப்படித்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அன்னைக்குப் புகார் குடுக்க இடமில்லை. இன்னைக்கு இடம் இருக்கு, நம்பிக்கை இல்லை. (கைதட்டல்)

சட்டம் நம்ம கட்டின வீடு. கூரை ஒழுகுதுன்னு பிள்ளை சொன்னா, "கட்டினப்போ நாங்க பட்ட பாடு தெரியுமா?"ன்னு கேக்கலாமா? ஏணியை எடுத்துட்டு வாங்கம்மா. ஏறிப் பார்ப்போம்.

(பலத்த கைதட்டல்)