அபிஜித்தைச் சுற்றிய தூசி
(ஆதம்பாக்கத்தில் பேசிய பேச்சின் சுருக்கம்)

இந்த ஆதம்பாக்கத்திலானாலும் சரி, வேறு எந்த ஊரிலானாலும் சரி, பெண் மூல நட்சத்திரம் என்று தெரிந்தால் போதும். மாமனாருக்கு ஆகாது என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். பெண்ணின் அறிவைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ கேள்வியே கிடையாது. ஆகவே, நட்சத்திரம் என்பதைப் பற்றியே இன்று சிறிது பேசலாம் என்று கருதுகிறோம்.

சோதிடர்கள் புகழும் அபிஜித்தையே எடுத்துக்கொள்ளுவோம். நடுப்பகலுக்கு அபிஜித் முகூர்த்தம் என்று பெயர் வைத்து, அதில் தொடங்கிய காரியம் ஜெயிக்கும் என்கிறார்கள். மேல்நாட்டார் அதை வேகா என்பார்கள். அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 25 வருஷமாகிறது.

1983-ல் அமெரிக்கா, ஹாலந்து, பிரிட்டன் ஆகிய மூன்று தேசத்தாரும் சேர்ந்து ஐராஸ் என்னும் தூரதிருஷ்டிக் கருவியை வான்வெளிக்கு அனுப்பினார்கள். அது பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத உஷ்ணக் கதிரை. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் இருட்டில் தெரியாவிட்டாலும், கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரிகிறதல்லவா? அது போன்றதுதான். நம் காற்றிலுள்ள நீராவி அக்கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கருவியே சூடாயிருந்தால் தன் சூட்டையே காணும். எனவேதான் அதைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்து மேலே அனுப்பினார்கள்.

கருவியைச் சரிபார்க்க அபிஜித்தைப் பார்த்தபோது, கணக்குக்கு மேல் உஷ்ணம் வந்தது. காரணம் என்னவென்று ஆராய்ந்தார்கள். நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி பரந்து கிடக்கிறது. அது நட்சத்திரத்தின் வெயிலில் காய்ந்து சூட்டைக் கக்குகிறது என்று கண்டார்கள். அந்தத் தூசி நெடுங்காலம் தங்காது. ஆகையால், பெரிய கற்கள் ஒன்றோடொன்று மோதிப் பொடியாகிப் புதுத் தூசி உண்டாகிக்கொண்டே இருக்கவேண்டும். அபிஜித்தைத் துதித்த சாஸ்திரம் எதுவாவது இந்தத் தூசியைச் சொல்லிற்றா?

2024-ல் ஹபிள், வெப் என்னும் பெரிய கருவிகளால் மறுபடி பார்த்தார்கள். தூசித் தட்டு வழவழப்பாயிருக்கிறது, பெரிய கிரகம் உழுத தடத்தைக் காணோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். காணாததைக் காணோம் என்பவன் விஞ்ஞானி. காணாத கிரகத்துக்கும் பரிகாரம் சொல்லிப் பணம் வாங்குபவன் சோதிடன்.

மூலம் என்பது தேளின் வால்போல் தெரியும் நட்சத்திரக் கூட்டம். அதில் பிரகாசமான நட்சத்திரத்தின் வெளிச்சம் வந்து சேரப் பல நூறு வருஷமாகிறது. இன்றிரவு தெரியும் வெளிச்சம் புறப்பட்டபோது இந்தப் பெண்ணும் இல்லை, மாமனாரும் இல்லை, மாமனாரின் பாட்டனும் இல்லை. பின் யாரைக் கொல்ல அது புறப்பட்டது?

தோழர்களே! புரோகிதரும் முகூர்த்தமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நம் நாட்டில் செல்லும். ஆதலால் பஞ்சாங்கத்தைக் கேட்காதீர்கள். பெண்ணையும் பிள்ளையையும் கேளுங்கள்!