குழி வெட்டிவிட்டு வரைவோம்

நிலவியலாளர், மண்ணியலாளர், நிலத்தோற்ற வடிவமைப்பாளர் மூவரும் ஒரே பந்தியில் உட்காருவது அபூர்வம். பால்கோவாவுக்காகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவர்களும் இருக்கலாம், குற்றமில்லை.

இங்கே நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே பஸ் ஏறினால் சாத்தூர்க் கரிசல். ஐம்பது கிலோமீட்டருக்குள் இத்தனை வகை நிலம் அடுத்தடுத்துக் கிடப்பதால்தான், தள ஆய்வு பற்றிப் பேச இந்த ஊரை நான் கேட்டு வாங்கினேன்.

மலையிலிருந்து தொடங்குகிறேன். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. அடியில் சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து நிலவியலாளர் ஹாலண்ட் 1893-இல் இட்ட பெயர் சார்னோக்கைட். கல்லென்னவோ நம் சென்னைப் பக்கத்துக் கல். ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள சில பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 900 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்தவை. அதனால் நமக்கென்ன என்கிறீர்களா? அப்படி வெந்து இறுகிய பாறைக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. வெடிப்பிலும் மேலே மக்கிய பகுதியிலும்தான் தங்கும். ஒரு வயலில் போர் போட்டால் தண்ணீர் வருவதும் அடுத்த வயலில் புழுதி பறப்பதும் இதனால்தான்.

அடிவாரத்தில் ஓடைகள் காலங்காலமாகக் கொட்டிய சரளையும் மணலும் விசிறிபோல் விரிந்து கிடக்கின்றன. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் அங்கே செழிப்பது அந்த மண்ணின் தயவு. மலையில் பெய்வது பூமிக்குள் இறங்கும் வாசலும் அதுதான். சமமட்டக் கோட்டு வரைபடத்தில் மட்டும் பார்த்தால் மென்மையான சரிவு, மனை போட அருமையான இடம். மனை போட்டால் கிழக்கே கிணறு வற்றும். மழைக்காலத்தில் ஓடை நம் முற்றத்துக்கு வழி கேட்டு வரும்.

ராஜபாளையத்தில் தனித்து நிற்கும் சஞ்சீவி மலையைப் பாருங்கள். கதைப்படி, அனுமார் கொண்டுபோன மலையிலிருந்து விழுந்த துண்டு. நிலவியல்படி மலை எங்கிருந்தும் வரவில்லை. சுற்றியிருந்த நிலம்தான் தேய்ந்து போய்விட்டது. கதையைவிட இது எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்படிப்பட்ட குன்றைச் சுற்றி மண் மெலிசு, பாறை பக்கத்திலேயே. பெய்த மழை நிற்காமல் இறங்கி அடியில் சேரும். அங்கே நிழல் மரம் வரைவதற்கு முன் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்திப் பார்க்க வேண்டும்.

இனி கரிசல். தக்காணத்தில் அது எரிமலைப் பாறையின் பிள்ளை. இங்கே எரிமலைப் பாறை இல்லை. நைஸ் பாறையின் மேல், மழை குறைந்த தட்டை நிலத்தில், சுண்ணாம்புச் சத்து கழுவப்படாமல் தங்கி உருவான கரிசல். கறுப்பு ஒன்றுதான், பிறப்பு வேறு.

அந்த மண்ணிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு வளாகத்துக்கு முற்றமும் மதிலும் வடிவமைத்தேன். சித்திரையில் போனபோது வெடிப்புக்குள் முழங்கை வரை கை போனது. ரசித்துப் படம் எடுத்துக்கொண்டேன். மண் பரிசோதனை அறிக்கை பையில் இருந்தது. தாங்குதிறன் பக்கத்தை மட்டும் புரட்டியிருந்தேன். ஐப்பசி மழையில் கல்தளம் அப்பளமாக உப்பியது, மதில் பிளந்தது. கோடையில் வாய் பிளந்து மழையில் உப்பும் மண்ணில் யார் கல் பாவச் சொன்னது என்று பக்கத்துப் புஞ்சைக்காரர் கேட்டார். இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே, அடியில் குமிழாக விரியும் தூண் அஸ்திவாரத்தை ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ வகுத்துக் கொடுத்துவிட்டது. படித்தும் இருந்தேன்.

1969-இல் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் ஒளிபுகும் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தளத்தைப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். அடித்தாள் நிலவியல். இன்று நம் மாணவர்கள் அந்தத் தாளை அழகாக வண்ணமடித்து முதல் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். அதனால் வடிவமைப்பில் ஒரு கோடுகூட நகர்வதில்லை. ஐந்திணையை மேற்கோள் காட்டுகிறவர்களுக்கே செவலும் சரளையும் அடையாளம் தெரிவதில்லை. இங்குள்ள சம்சாரி செவக்காடு, கரிசக்காடு, சுக்கான், உவர் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குள் ஆழமும் வடிகாலும் விளைச்சலும் இருக்கும். கண்மாயின் கரை, மடை, கலிங்கு, மறுகால் எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். சரிவை அணு அணுவாகப் படித்தவர்கள் வைத்த இடங்கள். நம் தள ஆய்வுப் படிவத்தில் அந்தச் சொற்களுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் அதையாவது சேர்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

இந்த மண்டபத்தின் பின்புறம் நேற்று ஐந்தடிக் குழி ஒன்று வெட்டச் சொன்னேன். மேலே செவல், கீழே சரளை, அதற்கும் கீழே விரலால் நசுக்கினால் உதிரும் மக்கிய பாறை. முதல் கட்டுரைக்கு முன் பத்து நிமிடம் அங்கே போய் வருவோம். இறங்க ஏணி உண்டு. கை துடைக்கத் துண்டு மட்டும் உங்களுடையது.