விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?



சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். சிலர் ஆவக்காய் ஊறுகாய் போடுகிறார்கள். சிலர் முறுக்கு சுடுகிறார்கள். சிலர் ரவிக்கை தைக்கிறார்கள். பக்கத்தில் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைகிறார்கள். பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த தெருவுக்கே அது தெரிவதில்லை. கடை வைக்க முன்பணம் இல்லை. பத்திரிகை விளம்பரம் கட்டுப்படியாகாது. கையில் இருப்பது ஒரு செல்போன்தான்.

அந்தச் செல்போனிலேயே விளம்பரம் செய்யலாம். காசு இல்லாத வழியும் உண்டு, காசு கொடுக்கும் வழியும் உண்டு. இலவச வழியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. பொருளின் படம், எடை, விலை எல்லாவற்றையும் அதில் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். யாராவது கேட்டால் பட்டியலை அனுப்பினால் போதும்.

கூகுளில் தொழிலின் பெயரைப் பதிவதும் இலவசமே. வாடிக்கையாளரின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் தங்கள் முகவரியை மறைத்துவிடலாம். எந்தெந்த ஊருக்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டலாம். வீட்டில் தனியாக இருக்கும் பெண்களுக்கு இது பெரிய வசதி. “உங்கள் பெயரை முதலில் வரவைக்கிறோம், பணம் கட்டுங்கள்” என்று யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம்.

படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். விலை எழுதாத படம் பாதி விளம்பரம்தான். கலம்காரிக்கு இன்னொன்றும் தேவை. அந்தத் துணியைப் பாலும் கடுக்காயும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பிறகு மூங்கில் எழுதுகோலால் கையாலேயே வரைவார்கள். கறுப்பு நிறம் வெல்லமும் இரும்பும் ஊறிய நீரிலிருந்து கிடைக்கிறது. எத்தனை நாள் வேலை! ஆனால் இயந்திரத்தில் அச்சடித்த துணியும் அதே பெயரில் மலிவாக விற்கிறது. செல்போன் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே துணியை மட்டும் காட்டினால் போதாது. வரைகிற கையையும் காட்ட வேண்டும். அரை நிமிட வீடியோ போதும்.

இனி காசு கொடுக்கும் விளம்பரம். சித்தூரில் ஒரு பெண் ஊறுகாய் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் 200 ரூபாய். மாங்காய், எண்ணெய், மிளகாய்த்தூள், பாட்டில் எல்லாம் போக 60 ரூபாய் நிற்கிறது. ஃபேஸ்புக்கில் நாளுக்கு 100 ரூபாய் வீதம் 5 நாளுக்கு 500 ரூபாய் கட்டினார். 200 பேர் லைக் போட்டார்கள். வீட்டில் ஒரே மகிழ்ச்சி! 30 பேர் விலை கேட்டார்கள். வாங்கியவர்கள் 6 பேர், ஆளுக்கு ஒரு பாட்டில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 பாட்டிலுக்கு 360 ரூபாய் வந்தது. செலவு 500. நஷ்டம் 140 ரூபாய். அவருடைய உழைப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. போட்ட பணம் திரும்ப 9 பாட்டிலாவது விற்றிருக்க வேண்டும். அந்த 6 பேரில் 4 பேர் மறுமாதம் ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கினால் மொத்தம் 10 பாட்டில், 600 ரூபாய். அப்போதுதான் 100 ரூபாய் லாபம். ஆகையால் யார் விளம்பரம் பார்த்து வந்தவர், யார் மறுபடி வந்தவர் என்று நோட்டில் குறித்து வைக்க வேண்டும். லைக்கை நோட்டில் எழுத வேண்டியதில்லை.

மற்ற 24 பேர் ஏன் வாங்கவில்லை? விளம்பரம் ஹைதராபாத், விசாகப்பட்டினம் வரை போயிருக்கும். பார்சல் செலவைக் கேட்டதும் அவர்கள் பின்வாங்கியிருப்பார்கள். விளம்பரம் கொடுக்கும்போதே ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று குறிக்க இடம் உண்டு. சித்தூரைச் சுற்றிக் குறித்தால் காசு வீணாகாது. தெலுங்கிலும் தமிழிலும் எழுதினால் வேலூர்ப் பக்கத்தாரும் படிப்பார்கள். குழுக் கடனை எடுத்து விளம்பரத்தில் போடுவது மட்டும் சரியல்ல. வந்த லாபத்திலிருந்துதான் போட வேண்டும்.

எழுதுவதிலும் கவனம் வேண்டும். வீட்டில் பிடித்த லட்டைத் ‘திருப்பதி லட்டு’ என்று விளம்பரம் செய்யக்கூடாது. அந்தப் பெயருக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2009இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. தின்பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

ஆர்டர் கொடுப்பதுபோலப் பேசி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. “பணம் அனுப்புகிறோம், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்பார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும். அப்படிப் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் பல கை மாறிவிடும்.